நீர் இறங்கும் வழியில் ஃபெஸ்

மொராக்கோவின் ஃபெஸ் நகரம் ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிறது. வடக்கே ஒரு குன்று, தெற்கே ஒரு குன்று, நடுவே பள்ளம். பள்ளத்தில் ஒரு சின்ன ஆறு. மேற்கே சமவெளியில் ஊறி, ஊருக்குள் சரிந்து இறங்கி, கிழக்கே வெளியேறி செபூ என்ற பெரிய ஆற்றில் போய்ச் சேர்கிறது.

இந்த ஆற்றை மனதில் வைத்துக்கொண்டால் ஃபெஸ் பிடிபடும். இல்லாவிட்டால் பிடிபடாது.

காரணம் எளிது. இந்த ஊரின் சந்துகளுக்குக் கணக்கில்லை. சில சந்துகளில் எதிரே ஒருவர் வந்தால் இன்னொருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். கார் உள்ளே போகாது. சுமையெல்லாம் கழுதை மேலும் கோவேறு கழுதை மேலும்தான். பின்னாலிருந்து "பாலாக்! பாலாக்!" என்று குரல் வந்தால் வழி விட வேண்டும், அவ்வளவுதான். கைபேசி வரைபடம் உயரமான சுவர்களுக்கு நடுவே அடிக்கடி தடுமாறும். ஆனால் தெரு இறங்குகிறதா ஏறுகிறதா என்பது காலுக்குத் தெரியும். இறங்கினால் ஆற்றங்கரை, நகரத்தின் மையம். ஏறினால் ஏதோ ஒரு வாசல். தொலைந்துபோனவருக்கு இதைவிட நல்ல துணை இங்கே இல்லை.

நகரம் பிறந்ததே ஆற்றின் இரண்டு கரைகளிலும் தனித்தனியாகத்தான். 789-ல் முதலாம் இத்ரீஸ் என்ற அரசர் கிழக்குக் கரையில் ஓர் ஊரை அமைத்தார். அவருடைய மகன் இரண்டாம் இத்ரீஸ் சுமார் இருபது ஆண்டு கழித்து எதிர்க்கரையில் இன்னொன்றை எழுப்பினார். 818-ல் ஸ்பெயினின் கொர்தோபாவில் நடந்த கலகம் நசுக்கப்பட்டபோது அங்கிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் கிழக்குக் கரையில் குடியேறின. துனிசியாவின் கைரவான் நகரத்திலிருந்து வந்தவர்கள் மேற்குக் கரையில். அதனால் ஒரு கரைக்கு அந்தலூசியர் கரை என்றும் மற்றதற்குக் கைரவானியர் கரை என்றும் பெயர். இரண்டுக்கும் தனித்தனி மதில், தனித்தனிப் பெரிய பள்ளிவாசல், இடையில் ஓயாத சண்டை. சுமார் 1070-ல் அல்மொராவித் வம்சத் தலைவர் யூசுஃப் இப்னு தாஷ்ஃபீன் நடுச்சுவர்களை இடித்து இரண்டையும் ஒரே ஊராக்கினார்.

அதே ஆறு ஒருமுறை ஊரை வீழ்த்தியும் இருக்கிறது. 1145-ல் அல்மொஹாத் வம்சத்தின் படை ஃபெஸ்ஸை முற்றுகையிட்டது. மாதக்கணக்கில் மதில் அசையவில்லை. கடைசியில் ஆற்றை மேற்கே அணை கட்டித் தேக்கி, பிறகு அணையை உடைத்து விட்டார்கள். வெள்ளம் மதிலைப் பெயர்த்தது, ஊர் விழுந்தது. இன்று நகரத்தைச் சுற்றி நிற்கும் மண்ணிற மதில்களில் பெரும்பகுதி, அதற்குப் பிறகு அதே அல்மொஹாத்கள் திரும்பக் கட்டியவை.

முழு ஊரையும் ஒரே பார்வையில் பார்க்க வடக்குக் குன்று நல்ல இடம். அங்கே போர்ஜ் நோர் என்ற கோட்டை இருக்கிறது. 1582-ல் சாதிய வம்சத்து சுல்தான் அகமது அல்-மன்சூர் கட்டியது. (வெளிப்பகைக்காக மட்டுமல்ல. கீழே இருக்கும் ஊர்க்காரர்களைக் கண்காணிக்கவும் சேர்த்துத்தான். ஃபெஸ் மக்கள் அரசர்களுக்குச் சுலபமாக அடங்கியவர்கள் அல்லர்.) இப்போது உள்ளே ஆயுத அருங்காட்சியகம். பக்கத்தில் 14ஆம் நூற்றாண்டு மரீனித் வம்சத்து அரச கல்லறைகள், கூரை போய், வளைவுகள் மட்டும் மிஞ்சி நிற்கின்றன. கல்லறைகளில் பார்க்க அதிகமில்லை. அங்கிருந்து தெரியும் ஊரைத்தான் பார்க்க வேண்டும்: ஒன்றோடொன்று ஒட்டிய தட்டையான மாடிகள், நடுவே பச்சை ஓட்டுக் கூரைகள், சதுர மினாராக்கள்.

ஆறு முதலில் தொடுவது பழைய ஊரை அல்ல, "புதிய" ஊரை. ஃபெஸ் ஜதீத் என்றால் புதிய ஃபெஸ் என்று பொருள். புதியது என்றாலும் வயது ஏறக்குறைய 750. 1276-ல் மரீனித் சுல்தான் அபூ யூசுஃப் யாக்கூப் தன் அரண்மனைக்கும் படைக்கும் என்று பழைய ஊருக்கு மேற்கே, ஆற்றின் மேல்புறத்தில் இதைக் கட்டினார். மேல்புறத்தைத் தேர்ந்தது சும்மா இல்லை. தண்ணீர் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் கீழே இருக்கும் நகரம். 1145 வெள்ளம் யாருக்கும் மறந்திருக்காது.

அரண்மனை இன்றும் மன்னருடையது. உள்ளே அனுமதி கிடையாது. பார்க்கக் கிடைப்பது வெளியே இருக்கும் பெரிய பொன்னிறக் கதவுகள். இவை பழையவை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் 1960-களின் கடைசியில் தொடங்கிச் செய்யப்பட்டவை. பழைமை இல்லாததால் மதிப்புக் குறையவில்லை. உலோகத்தில் செதுக்கிய வடிவங்களும் சுற்றியுள்ள ஸலீஜ் ஓட்டு வேலையும் ஃபெஸ் கைவினைஞர்கள் இன்னும் என்ன செய்ய முடியும் என்பதற்குச் சான்று.

அரண்மனையை ஒட்டியே மெல்லா, யூதர் குடியிருப்பு. மொராக்கோவின் முதல் மெல்லா இதுதான். 1438-ல் யூதர்கள் பழைய ஊரிலிருந்து இங்கே குடியமர்த்தப்பட்டார்கள். மெல்லா என்ற சொல் உப்பைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது; இந்த இடத்துக்கு முன்பிருந்த பெயர் அது. பிறகு மொராக்கோவின் எந்த ஊரில் யூதர் தெரு அமைந்தாலும் அதற்கும் மெல்லா என்றே பெயராயிற்று. இங்குள்ள வீடுகளைக் கவனிக்க வேண்டும். முஸ்லிம் குடியிருப்பில் வீடு உள்முற்றத்தைப் பார்த்தபடி இருக்கும், தெருப்பக்கம் வெறும் சுவர். மெல்லாவில் மரப் பால்கனிகள் தெருவை எட்டிப் பார்க்கின்றன. 17ஆம் நூற்றாண்டின் இப்னு தனான் தொழுகைக்கூடம் பழுதுபார்க்கப்பட்டுத் திறந்திருக்கிறது. அருகே வெள்ளையடித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கும் இடுகாடு.

1912 மார்ச் 30 அன்று இந்த ஊரில்தான் மொராக்கோவைப் பிரெஞ்சுப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்த ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த மாதமே கலகம் வெடித்தது. மெல்லா சூறையாடப்பட்டது. ஓடிய யூதக் குடும்பங்களுக்கு அரண்மனையின் விலங்குக் காட்சிசாலை திறந்துவிடப்பட்டது. மிருகக் கூண்டுகளுக்கு நடுவே அவர்கள் நாள்களைக் கழித்தார்கள். அதற்குப் பிறகு பிரெஞ்சுத் தளபதி லியோதே தலைநகரத்தை ரபாத்துக்கு மாற்றினார். ஃபெஸ் தலைநகரமாக இருந்த காலம் அதோடு முடிந்தது. ஆனால் இதே லியோதே பழைய ஊரை இடிக்காமல், ஐரோப்பியர்களுக்கான புதிய நகரத்தைத் தள்ளிக் கட்டினார். பழைய ஊர் அப்படியே கிடைத்ததற்கு அது ஒரு காரணம். பின்னாளில் வசதியான குடும்பங்கள் காசாபிளாங்காவுக்குப் போயின, கிராமத்து ஏழைகள் பெரிய வீடுகளை அறை அறையாகப் பங்கிட்டுக்கொண்டு குடியேறினார்கள். இடித்துக் கட்டக் காசில்லாதவர்கள் குடியிருந்ததும் இன்னொரு காரணம். 1981-ல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் பழைய ஊர் சேர்ந்தது.

ஃபெஸ் ஜதீதிலிருந்து பழைய ஊர்ப் பக்கம் வந்து ஜனான் ஸ்பீல் தோட்டத்தைத் தாண்டினால் பாப் பூ ஜலூத். அஞ்சலட்டைகளில் வரும் நீல வாசல். இதுவும் பழையதல்ல, 1913-ல் பிரெஞ்சு ஆட்சியில் கட்டப்பட்டது. வெளிப்புறம் நீலம், ஃபெஸ்ஸின் நிறம். உட்புறம் பச்சை, இஸ்லாத்தின் நிறம். பக்கத்திலேயே சின்னதாக, அலங்காரம் இல்லாமல் பழைய வாசல் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் திரும்பியும் பார்ப்பதில்லை.

வாசலுக்குள் இரண்டு தெருக்கள் பிரிகின்றன. ஒன்று தலாஆ கபீரா, பெரிய ஏற்றம். மற்றது தலாஆ ஸகீரா, சிறிய ஏற்றம். வாசலிலிருந்து போகிறவருக்கு இரண்டுமே இறக்கம்தான். பெயர் வைத்தவர்கள் கீழே ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு அது ஏற்றம்.

பெரிய ஏற்றத்தில் கொஞ்சம் நடந்ததும் வலப்பக்கம் பூ இனானிய்யா மதரசா.

இங்கே அவசரப்படக் கூடாது. ஃபெஸ்ஸில் ஒரே ஒரு கட்டடம்தான் பார்க்க முடியும் என்றால் இதைத்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலான பள்ளிவாசல்களுக்குள் முஸ்லிம் அல்லாதவர் போக முடியாத நாடு இது. இந்த மதரசாவின் முற்றத்துக்குள் எல்லோரும் போகலாம். மரீனித் சுல்தான் அபூ இனான் 1350-ல் தொடங்கி 1355-ல் முடித்தார். மதரசாதான், ஆனால் வெள்ளிக்கிழமைத் தொழுகை நடக்கும் பள்ளிவாசலும் கூட. அதனால் ஃபெஸ்ஸின் மற்ற மதரசாக்களுக்கு இல்லாத பெரிய மினாரா இதற்கு உண்டு.

முற்றத்தில் நின்றால் சுவர் மூன்று அடுக்காகத் தெரியும். கீழே ஸலீஜ். நடுவே செதுக்கிய சாந்து. மேலே தேவதாரு மரம். கண் கீழிருந்து மேலே போகப் போக, கடினமானதிலிருந்து மென்மையானதுக்குப் போகிறது. ஏன் இந்த வரிசை? கீழ்ப்பகுதியில் ஈரமும் கையும் தோளும் படும், அங்கே ஓடு தாங்கும். சாந்தும் மரமும் தாங்காது. அழகுக்கான ஏற்பாடு என்று தோன்றுவது, பராமரிப்புக்கான ஏற்பாடும் கூட.

ஸலீஜ் என்பது அச்சில் வார்த்த ஓடு அல்ல. மெருகேற்றிச் சுட்ட சதுர ஓட்டைக் கனமான, கூரிய சுத்தியால் தட்டித் தட்டி நட்சத்திரமாகவும் கிளைகளாகவும் உடைக்கிறார்கள். உடைத்த துண்டுகளை நிறப்பக்கம் தரையைப் பார்க்கும்படி கவிழ்த்து அடுக்குகிறார்கள். பின்னால் காரை ஊற்றிக் காய்ந்த பிறகுதான் பலகையை நிமிர்த்துவார்கள். அதாவது அடுக்கும் ஆள் தன் வேலையின் முன்பக்கத்தைப் பார்க்காமலே செய்கிறார். முழு வடிவமும் தலைக்குள் இருக்கிறது.

முற்றத்தின் ஒரு ஓரத்தில், தொழுகை மண்டபத்துக்கு முன்னால், ஒரு வாய்க்கால் குறுக்கே போகிறது. ஆற்றிலிருந்து பிரித்து எடுத்த நீர். மண்டபத்துக்குப் போகச் சின்னப் பாலங்கள். நகரம் முழுக்க இப்படித்தான் இருந்தது. ஆற்றுநீர் வாய்க்கால்களாகப் பிரிந்து பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் ஒளு செய்யும் (கைகால் கழுவும்) தொட்டிகளுக்கும், வீடுகளுக்கும், மாவு ஆலைகளுக்கும் போனது. ஊற்றுநீருக்குத் தனிக் குழாய். கழிவுக்குத் தனிக் கால்வாய். அல்மொராவித்கள் காலத்திலிருந்து இந்த அமைப்பு வளர்ந்துகொண்டே வந்தது.

இந்த மதரசாவைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. கட்டிமுடித்ததும் செலவுக் கணக்கை சுல்தானிடம் நீட்டினார்களாம். அவர் புரட்டிக்கூடப் பார்க்காமல் கணக்கேட்டை ஆற்றில் எறிந்தாராம், அழகானதுக்கு விலை பார்க்கக் கூடாது என்று. கதை உண்மையோ இல்லையோ, அந்த முற்றத்தில் நிற்கும்போது நம்பத் தோன்றும்.

அபூ இனானின் அவையில் இருந்தவர்கள் யார் யார் என்று பார்த்தால் வியப்பு கூடும். 1354-ல் துனிஸிலிருந்து ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். பெயர் இப்னு கல்தூன். பின்னாளில் வரலாற்றையே ஓர் அறிவியலாகப் பார்த்த மேதை. அபூ இனான் அவரை வேலைக்கும் வைத்தார், 1357-ல் சதிச் சந்தேகத்தில் சிறையிலும் போட்டார்.

அதே ஆண்டுகளில், 24 ஆண்டுப் பயணம் முடித்துத் தாய்நாடு திரும்பிய ஒருவரும் அங்கே வந்தார். தஞ்சியர்க்காரர் இப்னு பதூதா. பார்த்ததையெல்லாம் சொல்லச் சொல்லி அபூ இனான் ஆணையிட்டார். அவர் சொல்ல, இப்னு ஜுஸை என்ற எழுத்தர் எழுதினார். 1355 டிசம்பரில் நூல் முடிந்தது. இந்த மதரசாவும் அந்த நூலும் ஒரே ஆண்டில், ஒரே மன்னரின் ஆணையில் முடிந்தவை.

தமிழ் வாசகருக்கு இதில் ஒரு நேரடிச் செய்தி இருக்கிறது. அந்த நூலில் மதுரை வருகிறது. மதுரை சுல்தான்களின் ஆட்சியை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்சன் ஷாவின் மகளை இப்னு பதூதா டில்லியில் இருந்தபோது மணந்திருந்தார். பின்பு 1340-களில் இலங்கையிலிருந்து கடல்வழியே வந்து, மதுரை சுல்தான் கியாசுத்தீனிடம் தங்கினார். சுல்தானின் மனைவி இவர் மனைவியின் சகோதரி. அந்த சுல்தான் போர்க் கைதிகளுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் செய்த கொடுமையை வெறுப்போடு பதிவு செய்கிறார். மதுரையில் பரவிய கொள்ளைநோயையும், இலங்கையில் தன்னை வரவேற்ற யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தியையும் சொல்கிறார். 14ஆம் நூற்றாண்டு மதுரைக்கும் யாழ்ப்பாண அரசுக்கும் கிடைத்திருக்கும் அரிய நேர்ச்சாட்சியம், ஃபெஸ்ஸில் சொல்லி எழுதப்பட்டது.

மதரசாவின் எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், மேலே நிமிர்ந்து பார்க்க வேண்டும். தார் அல்-மகானா, கடிகார வீடு. 1357-ல் முடிந்த நீர்க்கடிகாரம். சுவரில் வரிசையாகப் பன்னிரண்டு சின்ன சன்னல்கள், அவற்றின் கீழே மரத்தாங்கிகள். தாங்கிகளில் முன்பு வெண்கலக் கிண்ணங்கள் இருந்தன. ஆய்வாளர்கள் கருதுவது இது: சுவருக்குப் பின்னால் ஒரு சின்ன வண்டி. வண்டியோடு கயிற்றில் பிணைத்த மிதவை. தொட்டியில் நீர் ஒரே சீராக வடிய வடிய மிதவை இறங்கும், வண்டி நகரும். மணிக்கு ஒரு சன்னல் திறக்கும், ஓர் உலோக உருண்டை கிண்ணத்தில் "டங்" என்று விழும். கடிகாரம் முடிந்த அடுத்த ஆண்டே, 1358-ல், அபூ இனானை அவருடைய வஸீரே (அமைச்சரே) கழுத்தை நெரித்துக் கொன்றார். இப்னு கல்தூன் சிறையிலிருந்து வெளியே வந்தார். கடிகாரமோ எப்போதோ நின்றுபோய் இன்னும் ஓடவில்லை. இதை மீட்டு ஓட வைப்பதைவிட நல்ல வேலை இந்த நகரத்தில் வேறில்லை.

இறக்கம் தொடர்கிறது. இறைச்சிக் கடை, ஒட்டகத் தலை தொங்கும் கடை, செருப்புக் கடை. கீழே நெருங்கும்போது மரவாசனை வரும். நஜ்ஜாரீன் சதுக்கம், தச்சர்களின் இடம். இங்கே ஸலீஜ் பதித்த ஒரு நீரூற்று இருக்கிறது, மேலே செதுக்கிய மரக்கூரையோடு. பக்கத்தில் 18ஆம் நூற்றாண்டு ஃபுந்துக், அதாவது வணிகர் சத்திரம். கீழே சரக்கும் விலங்குகளும், மேலே வணிகர்கள். இப்போது அது மரவேலை அருங்காட்சியகம். உள்ளே இருக்கும் கலப்பையையும் கதவுகளையும் விட, மூன்று அடுக்கு மாடங்கள் சூழ்ந்த அந்த நடுவெளிதான் மனதில் நிற்கும்.

சற்றுத் தள்ளி மருதாணிச் சந்தை. அதையொட்டி முன்பு ஸீதி ஃப்ரஜ் மருத்துவமனை இருந்தது. 1286-ல் தொடங்கி 1944 வரை இயங்கியது, மனநோயாளிகளுக்கும் இடம் தந்தது. பின்னாளில் ஐரோப்பாவில் லியோ ஆஃப்ரிகானஸ் என்ற பெயரில் ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற அல்-ஹசன் அல்-வஸ்ஸான், ஃபெஸ்ஸில் வளர்ந்தவர். இளமையில் இந்த மருத்துவமனையில் எழுத்தராக வேலை பார்த்தார்.

இனி வழியில் ஒரு மரக்கட்டை குறுக்கே வரும். சந்தின் இரு சுவருக்கும் இடையில், குனிந்து போகும் உயரத்தில். இதுதான் இரண்டாம் இத்ரீஸின் தர்காவின் எல்லை. முற்காலத்தில் முஸ்லிம் அல்லாதவரும் சுமை விலங்கும் இதைத் தாண்டக் கூடாது. எல்லைக்குள் ஓடி வந்தவரைப் பிடிக்கவும் கூடாது, அடைக்கலம். இன்று சந்தில் யாரும் நடக்கலாம். தர்காவின் வாசலோடு நிற்க வேண்டும், அவ்வளவுதான். நகரை நிறுவியவர்களில் ஒருவரான அவரே நகரின் காவலர் என்பது ஃபெஸ் மக்களின் நம்பிக்கை. இப்போதைய கட்டடம் பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுல்தான் முலாய் இஸ்மாயில் எழுப்பியது. ஆண்டுதோறும் கந்தூரி போல ஒரு விழா; ஒவ்வொரு தொழில் கூட்டத்தாரும் ஊர்வலமாகப் போர்வையும் காணிக்கையும் கொண்டுவருவார்கள். வாசலில் மெழுகுவர்த்தியும் நூகா மிட்டாயும் விற்கும் கடைகள்.

அத்தாரீன் தெரு அடுத்தது. பெயரைக் கேட்டதும் தமிழ்க் காதுக்குப் புரிந்துவிடும். அத்தர் விற்பவர்கள். நறுமணமும் மசாலாவும் விற்ற தெரு. தெரு முடியும் இடத்தில் அத்தாரீன் மதரசா, 1323 முதல் 1325 வரை கட்டியது. பூ இனானிய்யாவின் விரிவு இதற்குக் கிடையாது, சின்ன முற்றம்தான். ஆனால் வேலை இன்னும் நுணுக்கம். மேலே மாணவர் அறைகள்: ஒரு பாய் விரித்தால் முடிந்தது. கீழே அத்தனை அலங்காரம், மேலே அத்தனை எளிமை. வெளியூர் மாணவர்கள் இங்கே தங்கி, பாடம் கேட்கப் பக்கத்து வாசலுக்குப் போனார்கள்.

அந்தப் பக்கத்து வாசல் கரவிய்யீன்.

கைரவானியர் பள்ளிவாசல் என்று பொருள். சுற்றிலும் கடைகள் ஒட்டிக் கட்டப்பட்டதால் வெளியிலிருந்து முழு உருவம் எங்கிருந்தும் தெரியாது. ஒரு வாசல், பத்து கடை, இன்னொரு வாசல். முஸ்லிம் அல்லாதவர் வாசலில் நின்று எட்டிப் பார்க்கலாம். தெரிவது வெள்ளைத் தூண்களும் பாய்களும் வெயில் விழும் முற்றமும்.

மரபுச் செய்தி இது: கைரவானிலிருந்து வந்த வணிகர் ஒருவரின் மகள் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி. தந்தையிடமிருந்து வந்த சொத்து முழுவதையும் போட்டு 859-ல் இதைக் கட்டினார். வேலை முடியும் வரை நோன்பு பிடித்தார். அவருடைய சகோதரி மர்யம் எதிர்க்கரையில் அந்தலூசியர் பள்ளிவாசலைக் கட்டினார். இந்தக் கதை நமக்குக் கிடைப்பது 14ஆம் நூற்றாண்டு வரலாற்று நூல் ஒன்றிலிருந்து, அதாவது ஐந்நூறு ஆண்டு கழித்து. 20ஆம் நூற்றாண்டில் பழுதுபார்த்தபோது சாந்துக்கு அடியில் ஒரு பழைய பொறிப்பு வாசகம் கிடைத்தது. அதில் இருப்பது ஃபாத்திமாவின் பெயர் அல்ல. இரண்டாம் இத்ரீஸின் மகன் தாவூதின் பெயர், ஆண்டும் 877. அதனால் வரலாற்றாசிரியர்களில் சிலர் சகோதரிகளின் கதையைச் சந்தேகிக்கிறார்கள். சந்தேகம் நியாயமானதுதான். அதைச் சொல்லாமல் மறைப்பது ஃபாத்திமாவுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஒரு பெண் கட்டினார் என்று ஒரு நகரம் நூற்றாண்டுகளாகப் பெருமையோடு சொல்லிவருகிறது. அதுவே பதிவு செய்ய வேண்டிய வரலாறு.

"உலகின் மிகப் பழைய பல்கலைக்கழகம்" என்பதும் இப்படித்தான். தொடர்ந்து கல்வி நடந்துவந்த இடம் என்பதில் ஐயமில்லை. பட்டம், துறை, அரசு நிர்வாகம் என்று நவீனப் பல்கலைக்கழகமாக ஆனது 1963-ல். அதற்கு முன் கல்வி நடந்தது தூணடியில். ஆசிரியர் ஒரு தூணில் சாய்ந்து உட்காருவார், மாணவர்கள் அரைவட்டமாகச் சூழ்ந்திருப்பார்கள்.

கட்டடம் ஒரேயடியாக எழுந்ததல்ல. மினாரா 956-ல் வந்தது. 1134-க்கும் 1143-க்கும் இடையில் அல்மொராவித் அமீர் அலீ இப்னு யூசுஃப் பெரிதாக விரித்து, தேன்கூடு போன்ற சாந்துக் கூரைகளை அமைத்தார். இரண்டே ஆண்டில் அல்மொஹாத்கள் ஊரைப் பிடித்தார்கள். அவர்கள் ஆடம்பரத்தை வெறுத்த கூட்டம். புதிய அரசர் வெள்ளிக்கிழமை தொழ வருகிறார் என்றதும் ஊர்ப் பெரியவர்கள் பயந்து, ஒரே இரவில் அலங்காரங்களின் மேல் காகிதம் ஒட்டி வெள்ளையடித்து மூடிவிட்டார்கள் என்பது பழைய நூலின் செய்தி. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பூச்சை உரித்தபோது செதுக்கல்கள் உள்ளே பத்திரமாக இருந்தன. உடைத்து எறியாமல் மூடி வைத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

உள்ளே தொங்கும் விளக்குகளில் சில, உண்மையில் தேவாலய மணிகள். ஸ்பெயின் போர்களில் எடுத்துவந்தவை. 1333-ல் ஜிப்ரால்டரிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் ஒன்றும் உண்டு. கவிழ்ந்த மணியைச் சுற்றி வளையங்கள் சேர்த்து எண்ணெய் விளக்காக்கிவிட்டார்கள். முற்றத்தின் இரு முனையிலும் இருக்கும் நீரூற்று மண்டபங்கள் பிற்காலச் சாதியர் கட்டியவை. கிரனாடாவின் அல்ஹம்ப்ரா சிங்க முற்றத்து மண்டபங்களை அப்படியே நினைவூட்டும்.

நூலகம் தனிக் கட்டடம். அபூ இனான் 14ஆம் நூற்றாண்டில் நிறுவியது. இப்னு கல்தூன் தன் வரலாற்று நூலின் பிரதியை 1396-ல் இதற்கு அன்பளிப்பாக அனுப்பினார். ஒருகாலத்தில் சிறையில் கிடந்த ஊருக்கே. அந்தக் கையெழுத்துப் பிரதி இன்றும் இங்கே இருக்கிறது. கசிவும் ஈரமும் நூலகத்தை அரித்துக்கொண்டிருந்தன. தரைக்கு அடியில் ஓடும் பழைய வாய்க்கால்கள் உள்ள ஊரில் அது இயல்பு. ஃபெஸ்ஸிலேயே பிறந்த கட்டடக்கலைஞர் அஸீஸா ஷாவுனி சீரமைப்பை ஏற்று நடத்தினார், 2016-ல் பணி முடிந்தது.

நூலகத்துக்கு வெளியே ஸஃப்ஃபாரீன் சதுக்கம். கன்னார்களின் இடம். அண்டாக்களையும் தட்டுகளையும் சுத்தியால் தட்டும் சத்தம் காலை முதல் மாலை வரை. நடுவில் ஒரு மரம், நிழலில் தேநீர். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் 1271-ன் ஸஃப்ஃபாரீன் மதரசா, மரீனித்கள் கட்டிய முதல் மதரசா.

இதற்குக் கீழே ஆறு. ஊருக்குள் அதன் பெயர் பூ கரரப். நூற்றாண்டுகளாகச் சாயக்காரர்களும் தோல்காரர்களும் அதில்தான் கழுவினார்கள். 20ஆம் நூற்றாண்டில் ர்ஸீஃப் பகுதியில் சாலைக்காக அதன் ஒரு பகுதியை மேலே மூடிவிட்டார்கள். நகரத்தைப் பெற்ற ஆற்றுக்கு மூடி போட்டது பெரிய தவறு.

ஆற்றோரம் ஷுவாரா. ஃபெஸ்ஸின் மிகப்பெரிய தோல் பதனிடும் களம். சுற்றியுள்ள தோல் கடைகளின் மாடியிலிருந்துதான் பார்க்க முடியும். கடைக்காரர் ஒரு கொத்துப் புதினா கையில் தருவார், மூக்கில் வைத்துக்கொள்ள. தேவைப்படும்.

கீழே தேன்கூடு மாதிரி கல்தொட்டிகள். வெள்ளைத் தொட்டிகளில் சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த நீர். ஆடு, மாடு, ஒட்டகத் தோல்கள் அதில் சில நாள்கள் ஊறும். சுண்ணாம்பு முடியைக் கழற்றும், புறா எச்சம் தோலை இளக்கும். பிறகு ஆள்கள் தொட்டிக்குள் இறங்கி, இடுப்பளவு நீரில் காலால் மிதிப்பார்கள். அதன்பின் பழுப்பும் சிவப்புமான சாயத் தொட்டிகள். மஞ்சளை மட்டும் தொட்டியில் போடாமல், விரித்த தோலில் கையால் பூசுவார்கள். உலகச் சந்தையில் மொராக்கோ தோல் என்று பெயர் பெற்றதும், பழைய நூல்களுக்கு உறை போட்டதும் இந்த மென்மையான ஆட்டுத்தோல்.

மாடியில் நின்று படம் எடுப்பவர்களுக்கு வண்ணம் தெரியும். தொட்டிக்குள் நிற்பவரின் கால் தெரியாது. சுண்ணாம்பு நீரில் நாள் முழுக்க நிற்பது தோலைத் தின்னும் வேலை, இடுப்பை முறிக்கும் வேலை. 2010-களில் களத்தைச் சீரமைத்துத் தொட்டிகளைச் செப்பனிட்டார்கள். வேலை அதே வேலைதான்.

(ஃபெஸ் என்ற பெயரில் உலகமே அறிந்தது இன்னொரு பொருள்: குஞ்சம் தொங்கும் சிவப்புக் குல்லா. ஒட்டோமன் பேரரசில் பரவியதால் நம் பக்கம் அது துருக்கித் தொப்பி. கொழும்பில் 1905-ல் வழக்கறிஞர் எம்.சி. அப்துல் காதர் அந்தத் தொப்பியோடு நீதிமன்றத்தில் வாதாடக் கூடாது என்று தலைமை நீதிபதி தடுத்தார். இலங்கை முஸ்லிம்கள் மருதானையில் பெருங்கூட்டம் கூட்டி எதிர்த்தார்கள். அந்தத் தொப்பிக்குப் பெயர் தந்த ஊர் இதுதான்.)

ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் அந்தலூசியர் கரை. சுற்றுலாக் கூட்டம் பெரும்பாலும் பாலத்தோடு திரும்பிவிடும். இங்கே பிள்ளைகள் பந்து விளையாடும் சந்துகள், ரொட்டி மாவைப் பலகையில் வைத்துப் பொது அடுப்புக்குக் கொண்டுபோகும் சிறுவர்கள். மறுபடி ஏற்றம். மேலே மர்யமின் பெயரோடு சேர்ந்த அந்தலூசியர் பள்ளிவாசல். உயரமான வாசலும், செதுக்கிய மர விதானமும், சாந்தும் ஓடும் கலந்த அலங்காரமும் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து அல்மொஹாத் வேலை. அருகில் ஸஹ்ரிஜ் மதரசா, 1320-களில் கட்டியது. ஸஹ்ரிஜ் என்றால் குளம். முற்றத்தில் நீள்சதுரக் குளம், அதில் தேவதாரு மரச் சட்டங்களின் நிழல். கூட்டம் இல்லாத நேரத்தில் போனால் தண்ணீர் சத்தம் மட்டும் கேட்கும்.

ஆறு இனி கிழக்கே ஊரை விட்டு வெளியேறுகிறது. அங்கே ஐன் நொக்பி பகுதியில் குயவர்களின் சூளைகள். புகை ஊருக்குள் வராதிருக்க அவர்களை வெளியே கொண்டுபோய் அமர்த்தினார்கள். ஃபெஸ்ஸுக்கே உரிய நீலம் தீட்டிய தட்டுகள் அங்கேதான் ஆகின்றன. ஸலீஜுக்கான சதுர ஓடுகளும் அங்கேதான். வெயிலில் காய வைத்த ஓடுகளின் பக்கத்தில் ஆள்கள் தரையில் உட்கார்ந்து, நிறவாரியாகக் குவித்த ஓடுகளைச் சுத்தியால் தட்டிக்கொண்டிருப்பார்கள். அதைத் தாண்டி ஆறு செபூவில் கலக்கிறது. செபூ மெஹ்தியா என்ற ஊரருகே அட்லாண்டிக் கடலைச் சேர்கிறது.